உஷார்! நிலநடுக்கச் சேதத்துக்குக் கணினி சொல்லும் சதவீதம் உங்கள் வீட்டுக்கானது இல்லை!

கலிபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் மகனோ மகளோ அங்கே முப்பது வருஷக் கடனில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் அசட்டையாக இருக்கிறார்களே என்ற பதைப்பில் எழுதுகிறேன்.

விலாசத்தைத் தட்டினால் போதும். "பெரிய நிலநடுக்கம் வந்தால் இந்தக் கட்டடத்துக்கு இத்தனை சதவீதம் சேதம்" என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. பக்கம் பக்கமாக அறிக்கை வரும். சிவப்பும் மஞ்சளுமாக வரைபடம் வரும். முதல் பக்கத்தில் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். வீட்டை வாங்கலாமா, இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தலாமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றை எண்தான் பதில் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஓக்லாண்டில் 1930களில் கட்டிய பழைய மரவீடு ஒன்றை ஆசையாக வாங்கினார்கள். வீட்டுக்கு வழக்கமான பாலிசி எடுத்தார்கள். தரகர் நல்லவர், "இதில் நிலநடுக்கம் சேராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்" என்று சொல்லி அதையும் எடுக்க வைத்தார்.

இந்த இடத்திலேயே ஒரு எச்சரிக்கை. கலிபோர்னியாவில் சாதாரண வீட்டுப் பாலிசி, நிலம் குலுங்கி வருகிற சேதத்துக்கு ஒரு டாலர்கூடத் தராது! இது தெரியாமலே பத்து வருஷம் பிரீமியம் கட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. பிரீமியம் கொஞ்சம் அதிகம்தான். "இது நமக்குத் தேவைதானா?" என்று கணவர் யோசித்தார். காசு கட்டி ஒரு மென்பொருள் அறிக்கை வாங்கினார். சேதம் 9 சதவீதம் என்று வந்தது. பாலிசியில் டிடக்டிபிள், அதாவது நம் கையிலிருந்து முதலில் போட வேண்டிய பங்கு, 15 சதவீதம். பிள்ளை கணக்கில் கெட்டி. "9 என்பது 15-ஐ விடக் குறைவு. அப்படியானால் எந்த நிலநடுக்கம் வந்தாலும் கம்பெனி நமக்குப் பணமே தரப்போவதில்லை. எதற்கு தண்டமாகக் கட்டணும்?" என்றார். மனைவிக்கும் அது சரியாகவே பட்டது. பாலிசியை விட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி லேசாக ஒரு அதிர்வு. அலமாரியில் பாத்திரம் கலகலத்தது, அவ்வளவுதான். ஆனால் காலையில் சமையலறைப் பின்கதவு சரியாகச் சாத்த வரவில்லை. அஸ்திவார வேலை பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். அந்த மாதிரிப் பழைய வீடுகளில் தரைக்குக் கீழே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு இடைவெளி இருக்கும். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வெகு நேரம் கழித்துப் புழுதியோடு வெளியே வந்து போனில் எடுத்த படங்களைக் காட்டினார்.

கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் நீளமான மரச்சட்டம் ஒன்று படுத்திருக்கிறது. அதன் மேல்தான் முழு வீடும் நிற்கிறது. அந்தச் சட்டத்தை அஸ்திவாரத்தோடு இறுக்கிப் பிடிக்க ஒரு போல்ட்கூட இல்லை. தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவில் இரண்டடி உயரத்துக்கு வெறும் மரக்கட்டைகளால் ஒரு குட்டைச் சுவர். அதில் பிளைவுட் பலகை அடிக்கவே இல்லை. ஒரு மூலையில் கரையான் அரித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது பிடி வரைக்கும் உள்ளே போனதாம்.

பலமாக ஒரு குலுக்கு குலுக்கினால் அந்தக் குட்டைச் சுவர் பக்கவாட்டில் மடியும். வீடு அஸ்திவாரத்தை விட்டு நழுவி விழும். எரிவாயுக் குழாய் பிய்யும். தீப்பொறி ஒன்று போதும். இது 9 சதவீதச் சேதமா?

அந்தப் பெண் அன்று ராத்திரி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. கட்டட வகை: மரம். தளம்: ஒன்று. அஸ்திவாரப் பிணைப்பு: தெரியாது. குட்டைச் சுவர்: தெரியாது. மண் வகை: பொது மதிப்பு. மண் குழம்புதல்: கணக்கில் சேர்க்கவில்லை.

"தெரியாது, தெரியாது, தெரியாது. ஆனா முதல் பக்கத்துல மட்டும் 9 சதவீதம்னு தெரியுதாம்" என்று அவள் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் வந்தது. அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போல்ட் போட்டு, பிளைவுட் அடித்து, பாலிசியையும் திரும்ப எடுத்துவிட்டார்கள். இடையில் இருந்த அந்த மாதங்களில் பெரிதாக ஒன்று வந்திருந்தால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

பிள்ளையின் கணக்கு எங்கே தப்பியது என்று பாருங்கள். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

புரிவதற்காக நானே ஒரு கணக்குப் போடுகிறேன். அதே மாதிரி பழைய மரவீடுகள் 100. ஒரே குலுக்கல். 90 வீடுகளுக்குச் சின்னச் சேதம், 4 சதவீதம். மீதி 10 வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு நழுவுகின்றன, 54 சதவீதம் சேதம். எல்லாவற்றையும் கூட்டி 100-ஆல் வகுத்தால் சராசரி சரியாக 9 சதவீதம். ஆனால் அந்த 100 வீடுகளில் 9 சதவீதச் சேதம் அடைந்த வீடு ஒன்றுகூட இல்லை! ஒன்று 4, இல்லையென்றால் 54. உங்கள் வீடு அந்தப் பத்தில் ஒன்றாக இருந்து, 6 லட்சம் டாலருக்குப் பாலிசி இருந்தால், டிடக்டிபிள் போக 2,34,000 டாலர் கைக்கு வந்திருக்கும். பாலிசியை விட்டவருக்கு ஒன்றுமில்லை. கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

சராசரி எண்ணை டிடக்டிபிளோடு ஒப்பிடாதீர்கள்! மறுபடியும் சொல்கிறேன், ஒப்பிடாதீர்கள்!

இந்த மென்பொருள்களை நான் குறை சொல்லவில்லை. அவை எதற்காகப் பிறந்தனவோ அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1997-ல் வெளியிட்ட 'ஹேஸஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. இத்தாலியின் பாவியா நகரிலிருந்து இயங்கும் 'ஜெம்' அமைப்பின் 'ஓப்பன்குவேக்' இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கென்று தனியார் மாடல்கள் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். எங்கே எவ்வளவு குலுங்கும் என்று முதலில் கணக்கிடும். அங்கே என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்த வகைக் கட்டடம் அந்தக் குலுக்கலுக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒரு வளைகோடு இருக்கும். கடைசியில் அதைப் பணமாக்கும். ஒரு நகரத்தில் எத்தனை ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டும், ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு நிதி ஒதுக்கணும் என்று தெரிந்துகொள்ள இது அருமையான கருவி.

ஹேவேர்ட் பிளவில் 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2018-ல் ஒரு கற்பனைச் சூழலைக் கணக்கிட்டு வெளியிட்டது. 'ஹேவயர்டு' என்று பெயர். குலுக்கலில் மட்டும் சுமார் 800 பேர் இறக்கலாம், 18,000 பேர் காயப்படலாம், உடைமைச் சேதமும் நேரடித் தொழில் முடக்க நஷ்டமுமாக 8,200 கோடி டாலருக்கு மேல் போகலாம் என்றது. 400-க்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பிடிக்கலாம், கிழக்கு விரிகுடாப் பகுதியில் சிலருக்கு ஆறு மாதம் வரை குழாய்த் தண்ணீர் வராமல் போகலாம் என்றும் சொன்னது. அந்தப் பிளவு எங்கே ஓடுகிறது தெரியுமா? நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற ஃப்ரீமான்ட் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அங்கேயும் பக்கத்து ஹேவேர்டிலும் நடைபாதை ஓரக்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடைசியாக அது பெரிதாக அசைந்தது 1868-ல்.

ஊருக்குப் போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டுக்கு அதைப் பொருத்துவது வாரபலனைப் பார்த்துக் கல்யாண முகூர்த்தம் குறிக்கிற மாதிரி.

ஊருக்குப் போட்ட கணக்கே சில சமயம் எப்படிக் கவிழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1994 ஜனவரி 17, விடியற்காலை 4.31. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நிலம் குலுங்கியது. குலுக்கிய பிளவு பூமிக்கு அடியிலேயே மறைந்திருந்தது. வரைபடத்தில் இல்லவே இல்லை. முதலில் இன்ஷூரன்ஸ் துறையின் உத்தேசம் 250 கோடி டாலர். மாதங்கள் போகப் போக அது ஏறியது, ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1,250 கோடி டாலரில் வந்து நின்றது. ஐந்து மடங்கு! எஃகுச் சட்டக் கட்டடங்கள் பத்திரமானவை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வெளியே ஒரு கீறல் இல்லை. கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே வெல்டிங் பிளந்திருந்தது தெரிந்தது. அதன்பிறகு பல கம்பெனிகள் கலிபோர்னியாவில் வீட்டுப் பாலிசி தருவதையே குறைத்துக்கொண்டன. நிலநடுக்கப் பாலிசிக்கென்று 1996-ல் தனி அமைப்பையே மாநிலம் உருவாக்க வேண்டியதாயிற்று.

அதே நார்த்ரிட்ஜில் ஒரு மூன்று மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சுவர்கள் குறைவு. மேலிருந்த மாடிகள் கீழ்த்தளத்தின் மேல் அப்படியே அமர்ந்துவிட்டன. அந்த ஒரே கட்டடத்தில் 16 பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். "மரம், மூன்று தளம்" என்று மட்டும் கணினியில் தட்டினால் அதற்கும் பக்கத்து உறுதியான கட்டடத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் இதைவிட வேதனை. 2010 செப்டம்பர் 4-ல் 7.1 அளவு. ஊர் தப்பித்தது. நேரடியாக ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வெளியிலிருந்து சட்டென்று பார்த்து, பாதிப்பில்லை என்று தோன்றிய கட்டடங்களுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்படிப் பச்சை ஸ்டிக்கர் வாங்கியவற்றில் ஒன்று சி.டி.வி. கட்டடம். 2011 பிப்ரவரி 22, மதியம் 12.51. இந்தத் தடவை அளவு சிறியது, 6.2-தான். ஆனால் நகரத்துக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத இடத்தில். சி.டி.வி. கட்டடம் சரிந்ததில் மட்டும் 115 பேர் இறந்தார்கள். மொத்தம் 185 பேர்.

அங்கே மாடல்களுக்குப் பிடிபடாமல் போனது எது? மண். கிழக்குப் பகுதிகளில் நிலத்தடி நீரோடு மணல் குழம்பிச் சேறாகப் பொங்கித் தெருவெல்லாம் ஓடியது. வீடு நின்றது, தரை நிற்கவில்லை. கடைசியில் இங்கே இனி குடியிருக்க முடியாது என்று அரசு முடிவெடுத்து ஏறக்குறைய 8,000 வீட்டு மனைகளைத் தானே வாங்கிக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னதிர்வு வேறு. ஒவ்வொரு நிலநடுக்கத்தையும் முழுசான, அடிபடாத கட்டடத்திலிருந்து தொடங்கிக் கணக்கிடுவதுதான் பெரும்பாலான மாடல்களின் வழக்கம். ஏற்கெனவே அடிபட்ட கட்டடம் இரண்டாவது அடிக்கு என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஏராளமான வீடுகளுக்குப் பாலிசி கொடுத்திருந்த ஏ.எம்.ஐ. நிறுவனமே தள்ளாடி, 2011 ஏப்ரலில் அரசு 50 கோடி நியூசிலாந்து டாலர் வரை கைகொடுக்க வேண்டி வந்தது. தொழிலாகவே இந்தக் கணக்கைப் போடுகிறவர்களுக்கே இந்த நிலைமை. நமக்கு?

இன்னும் இரண்டு இடங்கள். 1993 செப்டம்பர் 30-ல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர். நம் நாட்டு வரைபடத்தில் அப்போது அது ஆபத்து மிகமிகக் குறைவான முதல் மண்டலம். விநாயகரைக் கரைத்துவிட்டுப் படுத்த ஜனங்கள். கல் சுவர், மேலே கனமான மண் கூரை. பத்தாயிரம் பேரை ஒட்டி இறந்தார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கடல். அங்கே 8-ஐ ஒட்டிய அளவில்தான் வரும் என்று கணித்திருந்தார்கள். வந்தது 9.0. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். வெளிப்பட்ட சக்தியில் அது சுமார் 30 மடங்கு. வரைபடத்தில் இல்லாததை எந்த மென்பொருளும் கணக்கில் சேர்க்காது!

சரி, உங்கள் கையில் இருக்கும் அறிக்கையைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தை விடுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

"தெரியாது", "பொது மதிப்பு", "இயல்புநிலை" என்ற சொற்கள் எத்தனை இடத்தில் வருகின்றன? ஒன்றிரண்டு என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அட்டவணை முழுக்க அதுதான் என்றால் அந்த அறிக்கை உங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை. கணினிக்குத் தெரியாத இடத்தை அது காலியாக விடாது. ஊர்ச் சராசரியை எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

மண்ணைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? இது மிக முக்கியம். மண் வரைபடம் கொடுக்காவிட்டால் ஹேஸஸ் போன்ற மென்பொருளே ஒரு பொதுவான மண்ணை வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். மண் குழம்புவதையும் நிலச்சரிவையும் நாம் தனியாக வரைபடம் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்ளும். விரிகுடாவை மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் தூங்கக் கூடாது. 1989 லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரினா பகுதி அடி வாங்கியது இப்படிப்பட்ட மண்ணால்தான்.

வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கான புள்ளி வீட்டின் மேலேயே இருக்கிறதா, அஞ்சல் குறியீட்டு வட்டாரத்தின் நட்டநடுவில் இருக்கிறதா? ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சதுப்பு இருக்கும். புள்ளி நகர்ந்தால் எண்ணே மாறிவிடும்.

ஆள் யாராவது நேரில் வந்தாரா? யாரும் வராமல் விலாசத்தை வைத்து மட்டும் தயாரித்த அறிக்கை என்றால் அதை வைத்துப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்! நண்பர்கள் சேர்ந்து அடுக்குமாடிக் கட்டடத்தில் முதலீடு செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அங்கே கடன் கொடுக்கும் பல நிறுவனங்கள் 'பி.எம்.எல்.' எண், அதாவது வரக்கூடிய உச்சச் சேதத்தின் உத்தேசம், 20 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கின்றன. 18, 19 என்று வந்தால் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். அந்த 20 என்பது கடன் கொடுப்பவரின் பணத்தைக் காப்பாற்ற வைத்த கோடு. அந்தக் கட்டடத்தில் தூங்குகிறவர்களைக் காப்பாற்ற வைத்தது இல்லை. அறிக்கையில் 'எஸ்.இ.எல்.' என்று இருந்தால் அது சராசரி. 'எஸ்.யு.எல்.' என்ன என்று கேளுங்கள். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் அதையும் மீறக்கூடிய மேல்வரம்பு அது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தால் உங்களுக்கே நிலைமை புரியும். அதைச் சொல்ல மறுக்கிறார்களா? அந்த அறிக்கையை நம்பாதீர்கள்.

"250 வருஷத்துக்கு ஒரு தடவை வருவது" என்று எழுதியிருந்தால் 'நம் காலத்தில் வராது' என்று படிக்காதீர்கள்! முப்பது வருஷக் கடன் முடிவதற்குள் அப்படி ஒன்று வர ஏறக்குறைய 11 சதவீத வாய்ப்பு. ஒன்பதில் ஒன்று. பிள்ளையின் பரீட்சைக்கே அந்த வாய்ப்பை விட்டுவைக்க மாட்டோம், தலைக்கு மேல் இருக்கிற கூரைக்கு விடலாமா?

மறுகட்டுமானச் செலவு எந்த வருஷத்து விலை என்றும் பாருங்கள். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரே ஒரே சமயத்தில் கொத்தனாரையும் தச்சனையும் தேடும். கூலி ஏறும், பலகை விலை ஏறும். கிடைத்த பணத்தில் முக்கால் வீடுதான் கட்ட முடிந்தது என்ற நிலை வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, உத்தேச எண்ணை நடந்ததாகவே நம்பிப் பயப்படுவது. நிலநடுக்கம் நடந்த அரைமணி நேரத்துக்குள் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 'பேஜர்' மென்பொருள் உயிரிழப்பு எவ்வளவு இருக்கலாம் என்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் போட்டுச் சொல்லிவிடுகிறது. உதவிக்குழுக்கள் உடனே கிளம்புவதற்காகச் செய்யப்பட்டது அது. அது காட்டும் இறப்பு எண்ணிக்கைப் பட்டைகளில் ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் பத்து மடங்கு பெரியது. 2025 மார்ச் 28-ல் மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது, இறப்பு பத்தாயிரத்தைத் தாண்டலாம் என்று அது காட்டியதை, தாண்டிவிட்டது என்றே பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 3,700-க்கு மேல். உறவுக்காரர்கள் அங்கே இருக்கிறவர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! உத்தேசத்தைச் செய்தியாக அனுப்பாதீர்கள்.

"நாங்கள் சென்னையில்தானே இருக்கிறோம்" என்கிறீர்களா? 2002-ல் திருத்திய இந்தியத் தரவிதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில்தான் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நிலநடுக்கம் சென்னையையும் ஆட்டியது. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் புஜ் பகுதியில் நிலம் குலுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்து 700-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விழுந்தவற்றில் நிறைய, கீழே தூண்கள் மட்டும் நிற்க கார் நிறுத்தும் இடம் விட்டுக் கட்டியவை. நம் ஊரில் ஸ்டில்ட் பார்க்கிங் இல்லாத புது ஃபிளாட் எங்கே இருக்கிறது?

அமெரிக்க மென்பொருளில் இருக்கும் வளைகோடுகள் அமெரிக்கக் கட்டடங்களுக்காக வரைந்தவை. அவற்றின் முன்னோடியான 1985-ம் வருஷத்துப் பட்டியலே கலிபோர்னியக் கட்டடங்களைப் பற்றி அங்கிருந்த நிபுணர்களைக் கேட்டுத் தொகுத்ததுதான். நம் ஊர் கான்கிரீட் தூணுக்கும், நடுவில் வைத்துக் கட்டுகிற செங்கல் சுவருக்கும், கடல் மணல் கலந்ததா என்று நமக்கே தெரியாத கலவைக்கும் அந்த வளைகோடு பொருந்தாது. யாராவது அப்படி ஒரு அறிக்கையைக் காட்டி உங்கள் ஃபிளாட்டுக்கு ஆபத்தில்லை என்றால், எந்த நாட்டுக் கட்டடத்தை வைத்துக் கணக்கிட்டது என்று முதலில் கேளுங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து தூண்களைக் காட்டுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 1980-க்கு முன்னால் கட்டிய வீடா? தரைக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா? வேறு எதையும் யோசிக்கும் முன்னால், தெரிந்த ஒருவரைக் கீழே அனுப்பிப் பாருங்கள். போல்ட் இருக்கிறதா, குட்டைச் சுவரில் பிளைவுட் இருக்கிறதா, வெந்நீர்த் தொட்டி சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா. தகுதியுள்ள பழைய வீடுகளுக்கு இந்த வேலைக்காக 3,000 டாலர் வரை மானியம் தருகிற திட்டம் மாநிலத்தில் இருக்கிறது. பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்து மனுப் போடுங்கள். பலப்படுத்திய வீட்டுக்கு நிலநடுக்கப் பாலிசியில் 25 சதவீதம் வரை பிரீமியம் தள்ளுபடியும் உண்டு. டிடக்டிபிளை 5-லிருந்து 25 சதவீதம் வரை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எது கிடைக்கும், எது கட்டுப்படியாகும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆனால் அறிக்கையில் வந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பாலிசியை விட்டுவிடாதீர்கள்.

2014-லிருந்து 2043-க்குள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு என்று புவியியல் ஆய்வகம் சொல்லியிருக்கிறது. அந்த முப்பது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடிவிட்டது. பாலிசி புதுப்பிக்கும் தேதி வருவதற்குள் வீட்டின் அடியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.